வரிச் சலுகை யாருக்கு? வாயைக் கட்டிச் சேமிப்பவர் யார்?

"சேமியுங்கள்! சிக்கனமாக வாழுங்கள்! உங்கள் பணத்துக்குச் சர்க்கார் ஜாமீன்! வரிச் சலுகையும் உண்டு!"

தபாலாபீஸ் சுவர்களிலும் பாங்கு வாசல்களிலும் இப்படி விளம்பரங்கள் தொங்குகின்றன. பார்க்க அழகாகத்தான் இருக்கின்றன. சிரித்த முகத்துடன் ஒரு குடும்பம். கையில் ஒரு பாஸ்புத்தகம். பின்னால் ஒரு வீடு.

கோவைப் பக்கத்தில் ஒரு பஞ்சாலையின் வாயிற் கூட்டத்துக்கு நாம் போயிருந்தோம். ஷிப்டு முடிந்து வந்த ஸ்பின்னிங் பகுதித் தொழிலாளி ஒருவர் இப்படிப்பட்ட நோட்டீஸ் ஒன்றை நம்மிடம் நீட்டினார். தலைமயிரில் பஞ்சுத் தூசி இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் கேட்டார்:

"தோழரே, வரிச் சலுகைன்னு கொட்டை எழுத்தில போட்டிருக்காங்களே, என் கணக்குக்கு அது எவ்வளவு வரும்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நாம் சிரிக்கவில்லை. அந்தக் கேள்விக்குள் இந்த நாட்டின் நிதிக் கொள்கை முழுவதும் அடங்கியிருக்கிறது. வாயிலில் நின்று 5 நிமிஷத்தில் அதற்குப் பதில் சொல்லிவிட முடியாது. ஆகவே இங்கே எழுதுகிறோம்.

கணக்கைப் பார்ப்போம்

இந்தத் திட்டங்களில் பெரிய பெயர் பெற்றது பி.பி.எப். எனப்படும் பொது வருங்கால வைப்பு நிதி. 1968ல் வந்தது. 15 ஆண்டுத் திட்டம். வருஷத்துக்குக் குறைந்தது 500 ரூபாய் போட வேண்டும். அதிகமாக 1,50,000 ரூபாய் வரை போடலாம். இந்த உச்சவரம்பு 2014ல் நிர்ணயிக்கப்பட்டது. 2020 ஏப்ரலிலிருந்து 2025 முடியும்வரை அதற்கு வட்டி 7.1 சதவீதம். கிடைக்கும் வட்டிக்கு வரி இல்லை.

இதற்கு மேல்தான் வரிச் சலுகை. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80-சி பிரிவில் வந்த சலுகையின்படி, பழைய வரி முறையில் இருப்பவர் இப்படிப் போடும் 1,50,000 ரூபாயைத் தம் வருமானத்திலிருந்து கழித்துக் காட்டலாம். அந்தத் தொகைக்கு அவர் வரி கட்ட வேண்டாம்.

வருஷத்துக்கு 10 லட்சம் ரூபாய்க்கு நன்கு மேலாகச் சம்பாதிக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அந்த வருமானத்தின் மேல்தட்டுக்கு 30 சதவீதம் வரி. அதன்மேல் 4 சதவீதம் செஸ். அவர் 1,50,000 ரூபாயை பி.பி.எப்.பில் போட்டால் 46,800 ரூபாய் வரி மிச்சம். அதாவது, அவர் தம் சட்டைப் பையிலிருந்து உண்மையில் எடுப்பது 1,03,200 ரூபாய்தான். மீதியைச் சர்க்கார் கஜானா விட்டுக்கொடுக்கிறது. ஆனால் வட்டி மட்டும் முழு 1,50,000 ரூபாய்க்கும் கிடைக்கிறது!

15 ஆண்டு இப்படிப் போட்டால், 7.1 சதவீத வட்டிக் கணக்கில், போட்ட பணம் 22.5 லட்சம், கைக்கு வருவது ஏறத்தாழ 40.68 லட்சம். இடையில் சேரும் 18 லட்சத்துச் சொச்சம் வட்டிக்கும் ஒரு காசு வரி இல்லை.

இனி நமது ஸ்பின்னிங் தொழிலாளியைப் பார்ப்போம். மாதம் 12,000 ரூபாய் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வருஷக் கூலி முழுவதும் 1,44,000 ரூபாய். அவர் சோறு தின்னாமல், வாடகை கொடுக்காமல், பிள்ளைகளுக்குத் துணி எடுக்காமல், கூலி முழுவதையும் அப்படியே கொண்டுபோய்க் கட்டினாலும் அந்த 1,50,000 ரூபாய் வரம்பைத் தொட முடியாது! அவரால் முடிந்தது மாதம் 100 ரூபாய், 200 ரூபாய். அதைத் தபாலாபீஸ் ஆர்.டி.யில் போடுகிறார். 2025ல் அதற்கு வட்டி 6.7 சதவீதம். மாதம் 100 ரூபாய் வீதம் 5 ஆண்டு கட்டினால் 6,000 ரூபாய் போட்டவருக்கு 7,136 ரூபாய் கிடைக்கும். 5 ஆண்டு வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டிச் சேமித்ததற்குக் கிடைத்த ஊதியம் 1,136 ரூபாய்!

மேலே இருப்பவருக்கு ஒரே வருஷத்தில் வரியாக மட்டும் 46,800 ரூபாய் மிச்சம். கீழே இருப்பவருக்கு 5 வருஷத்தில் 1,136 ரூபாய் வட்டி. வரிச் சலுகை பூஜ்யம்.

கிராமத்துக்குப் போவோம். 2025-26ல் தமிழ்நாட்டில் 100 நாள் வேலைக்குச் சர்க்கார் நிர்ணயித்த கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். 100 நாளும் குறைவில்லாமல் வேலை கிடைத்ததாகவே வைத்துக்கொண்டாலும் மொத்தம் 33,600 ரூபாய். ஒரு விவசாயத் தொழிலாளிப் பெண் 100 நாள் வெயிலில் மண் சுமந்து பெறும் கூலியைவிட, ஒரு வசதிக்காரர் ஒரு படிவத்தை நிரப்பிப் பெறும் சலுகை 13,200 ரூபாய் அதிகம்.

இவருக்குக் கொடுப்பதற்கு "மானியம்", "இலவசம்", "கஜானாவுக்குச் சுமை" என்று பெயர். அவருக்குக் கொடுப்பதற்கு "சேமிப்புக்கு ஊக்கம்" என்று பெயர்!

தொழிலாளி வரி கட்டாதவனா?

"வருமான வரி கட்டாதவனுக்கு வரிச் சலுகை எப்படிக் கொடுக்க முடியும்?" என்று சில புத்திசாலிகள் கேட்பார்கள். நியாயமான கேள்விபோலத் தோன்றும். ஆனால் இதற்குள் ஒரு பொய் ஒளிந்திருக்கிறது. தொழிலாளி வரி கட்டவில்லை என்பதே அந்தப் பொய்.

காலையில் பல் துலக்கும் பற்பசையில் வரி. குளிக்கும் சோப்பில் வரி. காலில் போடும் செருப்பில் வரி. பேசுகிற டெலிபோனில் வரி. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததிலிருந்து நாடு முழுவதும் ஒரே வலை. மில் முதலாளி வாங்கும் சோப்புக் கட்டிக்கும் பஞ்சாலைத் தொழிலாளி வாங்கும் சோப்புக் கட்டிக்கும் ஒரே வரி. ஆனால், "நான் மாதம் 100 ரூபாய் சேமித்திருக்கிறேன், ஆகவே சோப்பின் மீதான வரியைக் குறையுங்கள்" என்று நமது தொழிலாளி மளிகைக் கடையில் கேட்க முடியுமா? கேட்டால் கடைக்காரர் என்ன சொல்வார்?

வரி கட்டுவதில் ஏழைக்கு விலக்கு இல்லை. வரிச் சலுகையில் மட்டும் அவனுக்கு இடம் இல்லை. இதுதான் ஏற்பாடு.

கிசான் விகாஸ் பத்திரம் என்று ஒன்று உண்டு. விவசாயியின் பெயரைத் தாங்கிய பத்திரம்! 1988ல் அது வந்தபோது போட்ட பணம் ஐந்தரை ஆண்டில், அதாவது 66 மாதத்தில், இரட்டிப்பாகும் என்றார்கள். 2011ல் அதை நிறுத்தினார்கள். 2014ல் திரும்பக் கொண்டுவந்தார்கள். 2025ல் அது இரட்டிப்பாக 115 மாதம் ஆகும். அந்தப் பத்திரத்துக்கு 80-சி சலுகை கிடையாது. பெயர் விவசாயிக்கு, சலுகை வேறு பத்திரங்களுக்கு!

"நிலையான" வட்டியை நிர்ணயிப்பது யார்?

இந்தத் திட்டங்களை "நிலையான வருமானம் தருபவை" என்கிறார்கள். எது நிலையானது?

பி.பி.எப். வட்டி 1990களில் 12 சதவீதம். 2000 ஜனவரியில் 11 ஆயிற்று. 2001ல் 9.5. 2003ல் 8. பிறகு சற்று ஏறி 2013ல் 8.7. 2016 ஏப்ரலில் 8.1. 2020 ஏப்ரலில் 7.1. ஆட்சியில் இருந்த கட்சிகள் மாறின; இறக்கும் திசை மாறவில்லை. 2016 முதல் மூன்று மாதத்துக்கு ஒரு முறை வட்டியைப் புதிதாக அறிவிக்கும் முறை வந்தது. சர்க்கார் சந்தையில் வாங்கும் கடனுக்கு என்ன வட்டியோ, அதை ஒட்டி ஏழையின் சேமிப்புக்கும் வட்டி என்பது ஏற்பாடு. தேசிய சேமிப்புப் பத்திரம் போன்றவற்றில் போடுகிற அன்றைய வட்டியாவது முடியும்வரை நிற்கும். பி.பி.எப்.பிலும், பெண் குழந்தைகளுக்கான செல்வமகள் திட்டத்திலும் அந்த உறுதியும் இல்லை. அவர்கள் அறிவித்தால் ஏறும், அறிவித்தால் இறங்கும்.

2020ஆம் ஆண்டை நாம் மறக்கலாமா? மார்ச் 25ந் தேதி நாடு முழுவதும் ஊரடங்கு. மில்கள் மூடிக்கிடந்தன. கூலி இல்லை. லட்சக்கணக்கான தொழிலாளிகள் பிள்ளைகளைத் தோளில் சுமந்து ஊருக்கு நடந்தார்கள். அதற்கு ஒரே வாரம் கழித்து, ஏப்ரல் 1ந் தேதி, சேமிப்புத் திட்டங்களின் வட்டியை வெட்டினார்கள். எப்படி வெட்டினார்கள் என்பதைக் கவனியுங்கள். பி.பி.எப்.புக்கு 7.9லிருந்து 7.1, வெட்டு 0.8. மாதா மாதம் சில்லறை சேர்த்துக் கட்டுகிறவனின் ஆர்.டி.க்கு 7.2லிருந்து 5.8, வெட்டு 1.4! கத்தி ஒன்றுதான். சின்னக் கையில் ஆழமாக இறங்கியது.

அதன் விளைவு என்ன? 2022-23ல் சில்லறை விலைவாசி சராசரியாக 6.7 சதவீதம் ஏறியது. அந்த வருஷம் ஆர்.டி. வட்டி 5.8 சதவீதமாகவே நின்றது. தபாலாபீஸ் சேமிப்புக் கணக்குக்கு 4 சதவீதம். அதாவது, சேமித்த ஏழையின் பணம் பெருகவில்லை, தேய்ந்தது. பாஸ்புத்தகத்தில் எண் கூடியது. அந்த எண்ணுக்குக் கடையில் கிடைக்கும் அரிசி குறைந்தது.

2021 மார்ச் 31ந் தேதி நடந்தது இன்னும் வேடிக்கை. அன்று மாலை மீண்டும் ஒரு வெட்டு அறிவித்தார்கள். பி.பி.எப். 7.1லிருந்து 6.4. சேமிப்புக் கணக்கு 4லிருந்து 3.5. வயோதிகர்களின் திட்டத்துக்கு 7.4லிருந்து 6.5. மறுநாள் காலை நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அது கவனப் பிசகாக வெளிவந்த உத்தரவு, வாபஸ் பெறப்படுகிறது என்று அறிவித்தார். கோடிக்கணக்கான மக்களின் சேமிப்பைத் தொடும் உத்தரவு கவனப் பிசகாக வருமா? அன்று ஏப்ரல் 1. மேற்கு வங்கத்திலும் அஸ்ஸாமிலும் வாக்குப் பதிவு நடந்துகொண்டிருந்தது. தமிழ்நாட்டில் 5 நாளில் வாக்குப் பதிவு.

தோழர்களே, இதில் ஒரு பாடம் இருக்கிறது. வட்டியை நிர்ணயிப்பது கணித சாஸ்திரம் என்று சொல்லுகிறார்களே, அது முழு உண்மை அல்ல. மக்களின் கோபத்துக்குப் பயந்தால், இரவோடிரவாக அந்தக் கணிதம் மாறும்!

"வட்டி அதிகம்" என்று அழுகிறவர்கள்

பொருளாதார நிபுணர்கள் என்று சிலர் இருக்கிறார்கள். "சிறு சேமிப்புக்கு அதிக வட்டி கொடுப்பதால்தான் பாங்குகள் டெபாசிட் வட்டியைக் குறைக்க முடியவில்லை. அதனால் கடனுக்கு வட்டியும் குறையவில்லை. தொழில் வளரவில்லை" என்று இவர்கள் வருஷாவருஷம் எழுதுகிறார்கள். சுருக்கமாகச் சொன்னால், முதலாளிக்கு மலிவான கடன் கிடைக்க வேண்டும். அதற்காகக் கிழவியின் வட்டியைக் குறைக்க வேண்டும்!

சரி, மலிவான கடன் வாங்கியவர்கள் அதையாவது திருப்பிக் கட்டினார்களா? 2014-15 முதல் 2022-23 வரை 9 ஆண்டுகளில் பாங்குகள் தள்ளி எழுதிய வராக்கடன் 14.56 லட்சம் கோடி ரூபாய் என்று சர்க்காரே பார்லிமெண்டில் சொல்லியிருக்கிறது. அதில் ஏறத்தாழ பாதி பெருந்தொழில்களின் கடன். "தள்ளி எழுதினாலும் வசூல் தொடரும்" என்பார்கள். தொடரட்டும். ஆனால் நாம் வாங்கிய பயிர்க் கடனையோ, நகைக் கடனையோ இப்படித் தள்ளி எழுதிவிட்டு, சாவகாசமாக வசூலித்துக்கொள்ளலாம் என்று எந்த மேனேஜராவது இருப்பாரா? நகை ஏலத்துக்குப் போயிருக்கும்.

2019 செப்டம்பரில் கம்பெனிகளின் மீதான வரியை 30 சதவீதத்திலிருந்து 22 சதவீதமாகக் குறைத்தார்கள். புதிய உற்பத்திக் கம்பெனிகளுக்கு 15 சதவீதம். இதனால் ஒரு வருஷத்தில் கஜானாவுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருமானம் போகும் என்று சர்க்காரே கணக்குச் சொன்னது. அந்த ஆண்டின் டிசம்பரில் தபாலாபீஸ் சேமிப்புக் கணக்கில் வைத்திருக்க வேண்டிய குறைந்தபட்சத் தொகையை 50 ரூபாயிலிருந்து 500 ரூபாயாக உயர்த்தினார்கள். அந்த 500 இல்லையென்றால் கணக்கிலிருந்து கட்டணம் பிடித்தம்! 1.45 லட்சம் கோடியை விட்டுக்கொடுத்த அதே கை, கூலிக்காரியின் கணக்கில் 500 ரூபாய் இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கிறது.

சலுகையை எடுத்தபோது அது எங்கே போயிற்று?

"நீங்கள் சொல்லும் வரிச் சலுகைதான் போய்க்கொண்டிருக்கிறதே" என்று சிலர் சொல்லலாம். உண்மை. 2020 பட்ஜெட்டில் புதிய வரி முறை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். 2023-24 முதல், யாரும் வேறு கேட்காவிட்டால் அதுவே பொருந்தும் என்று ஆக்கினார்கள். அந்தப் புதிய முறையில் 80-சி கழிவு கிடையாது.

நாம் கேட்கிறோம்: மேலே இருந்தவர்களுக்குக் கொடுத்த சலுகை மிச்சமானதென்றால், அது கீழே இருப்பவர்களுக்கு வந்ததா? இல்லை. கழிவுக்குப் பதிலாக வரி விகிதத்தையே குறைத்தார்கள். அது மட்டுமல்ல. அதே 2023 பட்ஜெட்டில், 5 கோடி ரூபாய்க்கு மேல் வருமானம் உள்ளவர்களின் சர்சார்ஜை புதிய முறையில் 37 சதவீதத்திலிருந்து 25 சதவீதமாகக் குறைத்தார்கள். மொத்தத்தில் அவர்கள் கட்ட வேண்டிய உச்ச வரி 42.74 சதவீதத்திலிருந்து 39 சதவீதமாக இறங்கிற்று. ஒரு கதவை அடைத்தார்கள். அதைவிடப் பெரிய கதவை அவர்களுக்கே திறந்துவிட்டார்கள்.

நடுவில் மாட்டிக்கொண்டவர் யார்? பள்ளிக்கூட வாத்தியாரும் ஆபீஸ் குமாஸ்தாவும். வரிக்காகவாவது மாதா மாதம் பத்திரமான இடத்தில் எதையோ போட்டு வைத்தார்கள். இப்போது அந்தத் தூண்டுதலும் இல்லை. பங்குச் சந்தைக்கு வா என்று டெலிபோனிலும் டெலிவிஷனிலும் கூப்பிடுகிறார்கள். அவர்களுக்கும் நாம் சொல்கிறோம்: உங்கள் சண்டை ஆர்.டி. கட்டும் தொழிலாளியோடு அல்ல. இருவர் பையிலும் கைவிடுபவர் ஒருவரே.

வேண்டும்போது கேட்டு வாங்கவில்லை, பிடித்து வாங்கினார்கள்

தபாலாபீஸ் சேமிப்புப் பாங்கு 1882ல் வெள்ளைக்காரன் காலத்தில் வந்தது. அன்று முதல் இன்றுவரை சிறுகச் சிறுகச் சேர்ந்த அந்தப் பணம் சர்க்காருக்குக் கடனாகப் போகிறது. 1999 முதல் தேசிய சிறு சேமிப்பு நிதி என்ற பெயரில் அது தனிக் கணக்காக நடக்கிறது. பட்ஜெட்டில் துண்டு விழும்போதெல்லாம் கை நீளும் உண்டியல் இதுதான். ரேஷன் உணவு மானியத்துக்குப் பட்ஜெட்டில் பணம் ஒதுக்காமல், உணவுக் கார்ப்பரேஷனை இந்த நிதியிலிருந்து கடன் வாங்கச் செய்தார்கள். 2021 பட்ஜெட் வரை இந்த வித்தை நடந்தது. நமது சேமிப்பை எடுத்து நமக்கே ரேஷன் போட்டுவிட்டு, "நாங்கள் சோறு போட்டோம்" என்றார்கள்!

தானாக வந்த பணம் போதாதபோது என்ன செய்தார்கள்? 1963ல் மொரார்ஜி தேசாய் நிதியமைச்சராக இருந்தபோது கட்டாய சேமிப்புச் சட்டம் கொண்டுவந்தார். சம்பளக்காரர், சில்லறை வியாபாரி, நிலவரி கட்டும் விவசாயி எல்லாரும் கட்ட வேண்டும். 5 ஆண்டு கழித்துத் திருப்பித் தரப்படும் என்றார்கள். நாடு கொதித்தது. அன்று பிளவுபடாத கம்யூனிஸ்ட் கட்சி ஊர் ஊராகக் கையெழுத்துத் திரட்டி, அந்த ஆண்டு செப்டம்பரில் மகஜருடன் பார்லிமெண்டை நோக்கி ஊர்வலம் நடத்தியது. மொரார்ஜிக்குப் பின் வந்த டி.டி.கிருஷ்ணமாச்சாரி அந்தத் திட்டத்தின் பெரும்பகுதியைக் கைவிட நேர்ந்தது.

1974ல் மீண்டும் வந்தார்கள். இந்த முறை குறி நேராகத் தொழிலாளியின் பஞ்சப்படி. விலைவாசி ஏறியதற்காகக் கிடைத்த பஞ்சப்படி உயர்வில் பாதியையும், கூலி உயர்வு முழுவதையும் கட்டாய டெபாசிட்டாகப் பிடித்துக்கொள்ளச் சட்டம் செய்தார்கள். விலை ஏறியது என்று கொடுத்ததையே, விலை ஏறாமல் தடுக்கிறோம் என்று பிடித்தார்கள்! மூத்த மில் தொழிலாளிகளைக் கேட்டுப் பாருங்கள், அவர்கள் சொல்வார்கள்.

ஏழையின் சேமிப்பு என்றால் சட்டம் போட்டுப் பிடிக்கத் தெரியும். ஏழைக்குச் சலுகை என்றால் மட்டும் "சட்டத்தில் வழி இல்லை" என்பார்கள்.

நம்மவர்களிடம் ஒரு வார்த்தை

இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்படியானால் தபாலாபீசும் வேண்டாம், சேமிப்பும் வேண்டாம்" என்று சில தோழர்கள் கோபமாகச் சொல்கிறார்கள். அது தவறு. மிகத் தவறு.

தபாலாபீஸ் பாஸ்புத்தகத்தை விட்டவன் எங்கே போகிறான்? 2 வட்டி, 3 வட்டி தருகிறேன் என்று சந்தைத் திடலில் கடை விரிக்கும் நிதி நிறுவனத்திடம் போகிறான். தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட நிறுவனங்கள் டெபாசிட்டை வாரிக்கொண்டு ஓடியதன் பிறகுதான் 1997ல் டெபாசிட்தாரர் பாதுகாப்புச் சட்டமே செய்ய வேண்டியிருந்தது. 2013ல் மேற்கு வங்கத்தில் சாரதா நிறுவனம் சரிந்தபோது லட்சக்கணக்கான ஏழைகளின் பணம் மூழ்கிற்று. சட்டம் வரும்; போலீஸ் வரும்; கோர்ட் வரும். பணம் வருமா?

பஞ்சாலைப் பகுதித் தோழர்களுக்கு இன்னொன்றும் நினைவிருக்கும். "சுமங்கலித் திட்டம்" என்று மங்களகரமான பெயர் வைத்து, பருவப் பெண்களை மில் ஹாஸ்டலில் அடைத்து, 3 வருஷம் வேலை வாங்கி, "உன் கூலியில் ஒரு பகுதியைச் சேர்த்து வைத்துக் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகத் தருகிறோம்" என்றார்களே, அதுவும் ஒரு சேமிப்புத் திட்டம்தான்! பணம் யார் கையில்? முதலாளி கையில். வட்டி எங்கே? கிடையாது. நோய் வந்து நடுவில் வீடு திரும்பிய பெண்ணுக்கு? வெறுங்கை.

ஆகவே, சர்க்கார் ஜாமீன் என்பது சிறு விஷயம் அல்ல. முதலாளி கையில் இல்லாமல், ஓடிப்போகும் கம்பெனி கையில் இல்லாமல், பொதுக் கஜானாவின் பொறுப்பில் ஏழையின் 100 ரூபாய் இருப்பது உழைக்கும் மக்களின் உரிமை. அந்த உரிமையை நாம் விடக்கூடாது. 80 ரூபாய் மிஞ்சினாலும் தபாலாபீசில் போடுங்கள். ஆனால் வாயை மூடிக்கொண்டு போடாதீர்கள்!

நாம் கேட்பது என்ன?

முதலாவது: மாதம் சில நூறு ரூபாய் கட்டும் கணக்குகளுக்கு வட்டி, விலைவாசி ஏற்றத்துக்குக் கீழே ஒருபோதும் இறங்கக்கூடாது. ஆர்.டி.க்கு பி.பி.எப்.பைவிடக் குறைந்த வட்டி என்ற அநியாயம் ஒழிய வேண்டும்.

இரண்டாவது: வருமான வரி எல்லைக்குக் கீழே இருப்பவன் சேமிக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் சர்க்கார் தன் பங்கைப் போட வேண்டும். இது நடக்காத காரியம் அல்ல. 2019ல் அமைப்புசாராத் தொழிலாளிகளுக்கென்று ஒரு பென்ஷன் திட்டம் கொண்டுவந்தபோது, தொழிலாளி கட்டுவதற்குச் சமமாகச் சர்க்காரும் கட்டும் என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள். ஆனால் 40 வயது தாண்டியவருக்கு அதில் இடம் இல்லை. 18 வயதில் சேர்ந்தவனும் 60 வயதில் பெறப்போவது மாதம் 3,000 ரூபாய். அவன் 60ஐத் தொடும்போது 3,000 ரூபாய்க்கு எத்தனை படி அரிசி கிடைக்கும் என்று யார் சொல்வது? கொள்கையை ஒப்புக்கொண்டவர்கள் வயது வரம்பை நீக்கட்டும். தொகையை விலைவாசியோடு இணைக்கட்டும்.

மூன்றாவது: மில் தொழிலாளியின் பிராவிடண்ட் பண்டோடு இணைந்த பென்ஷனில் குறைந்தபட்சம் 1,000 ரூபாய் என்று 2014ல் நிர்ணயித்தார்கள். 2025லும் அதே 1,000 ரூபாய்தான். 30 வருஷம் தறியிலும் ரிங் பிரேமிலும் நின்று தேய்ந்த காலுக்கு மாதம் 1,000 ரூபாயா? அதை உயர்த்தி, பஞ்சப்படியும் சேர்த்துத் தர வேண்டும்.

நான்காவது: தபாலாபீஸ் சேமிப்புக் கணக்கில் 500 ரூபாய் இல்லை என்று கூலிக்காரரிடம் கட்டணம் பிடிப்பதை நிறுத்த வேண்டும். கிராமத்துக் கிளைத் தபாலாபீஸ்களைக் காப்பாற்ற வேண்டும். அங்கே வேலை செய்யும் கிராமத் தபால் ஊழியர்களுக்கு நியாயமான ஊதியம் தர வேண்டும்.

ஐந்தாவது, எல்லாவற்றுக்கும் வேர் இதுதான்: கூலி! சேமிப்பு என்பது செலவுக்குப் போக மிஞ்சுவது. மிஞ்சும்படி கூலி கொடுக்காதவன் சேமிப்பைப் பற்றி உபதேசம் செய்யக்கூடாது. பசித்தவனிடம் விரதத்தின் மகிமையைச் சொல்வது போன்றது அது.

அந்தத் தோழருக்குப் பதில்

மில் வாயிலில் கேட்ட தோழருக்கு இப்போது பதில் சொல்கிறோம். தோழரே, நீங்கள் நீட்டிய நோட்டீசில் இருக்கும் வரிச் சலுகையில் உங்கள் கணக்குக்கு வருவது பூஜ்யம். நீங்கள் சோம்பேறி என்பதால் அல்ல. ஊதாரி என்பதாலும் அல்ல. 5 ஆண்டு விடாமல் மாதம் 100 ரூபாய் கட்டிய உங்களைவிடக் கட்டுப்பாடான சேமிப்பாளர் இந்த நாட்டில் யார்? உழைப்பவன் கையில் மிஞ்சாமலும், மிஞ்சியவன் கையில் மேலும் சேரும்படியும் சட்டம் எழுதப்பட்டிருக்கிறது. அதனால்தான் பூஜ்யம்.

ஆனால் அந்தச் சட்டத்தை எழுதியது மனிதர்கள். அதை மாற்றுவதும் மனிதர்களே. 1963ல் கட்டாய சேமிப்பைத் தடுத்தது எந்த நிபுணரின் கணிதமும் அல்ல; ஊர் ஊராக விழுந்த கையெழுத்தும் கைநாட்டும். 2021ல் இரவில் போட்ட வெட்டை விடிவதற்குள் திரும்பப் பெறச் செய்தது மக்களின் கையில் இருந்த வாக்குச் சீட்டு.

அந்த நோட்டீசைக் கிழித்துப் போடாதீர்கள். அடுத்த வாயிற் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். வயற்காட்டுத் தோழர்களும் தங்கள் பாஸ்புத்தகங்களோடு தாலுகா ஆபீஸ் முன் கூடட்டும். பாஸ்புத்தகத்தில் உள்ள எண்ணை எல்லாரும் பார்க்கும்படி வாசிப்போம். அதன் பக்கத்தில் 46,800ஐ எழுதிக் காட்டுவோம். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

சேமிக்கச் சொல்பவர்களே, கூலியைக் கொடுங்கள்!

ஏழையின் சேமிப்புக்கு வட்டி வெட்டாதீர்கள்!

மேலே கொடுக்கும் சலுகையைக் கீழே திருப்புங்கள்!